சவர்க்கார முதலாளி நாட்டச் சொன்ன பனை

வெள்ளவத்தையில் காலி வீதியோரக் கடைகளில் பனம்பொருட்களுக்கென்று ஒரு மூலை எப்போதும் இருக்கும். ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, பனங்கட்டிக் குட்டான். அண்மையில் அப்படியொரு கடையில் முதியவர் ஒருவர் புழுக்கொடியல் கட்டொன்றைக் கையிலெடுத்து விலையைக் கேட்டார். கேட்டதும் திரும்ப வைத்துவிட்டார். வலிகாமம் வடக்கிலே தோட்டம் செய்தவராம். அவருடைய காணியின் மூன்று எல்லையிலும் பனை நின்றதாம். விலை கொடுத்துப் புழுக்கொடியல் தின்னும் காலம் வருமென்று அவர் நினைத்திருக்கவேயில்லை.

அவரோடு பேசிக்கொண்டு நின்றபோது எமக்கு நினைவில் வந்தவர் மில்க்வைற் கனகராசா.

நடுத்தர வயதைத் தாண்டிய யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னால் போதும். மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். க. கனகராசா யாழ்ப்பாணத்தில் மில்க்வைற் சவர்க்காரத் தொழிலகத்தை நடத்தியவர், சமாதான நீதவான். ‘சிவதர்ம வள்ளல்’ என்று மக்கள் அவரை அழைத்தார்கள். சவர்க்காரம் விற்றுப் பணம் சேர்த்தவர்கள் வேறும் இருந்தார்கள். ஆனால் சவர்க்காரத்தின் பெயரிலேயே ‘மில்க்வைற் செய்தி’ என்று ஒரு மாத இதழ் நடத்தி, ஊரின் வரலாறு, சமயம், அறிவுரை, மரநடுகை என்று எல்லாவற்றையும் வீடுவீடாகக் கொண்டுபோனவர் அவர் ஒருவர்தான். அறிஞர் க. சி. குலரத்தினம் அந்த இதழுக்காக உழைத்தார். 1970களிலும் 80களிலும் யாழ்ப்பாணத்து வீடுகளில் அந்தச் சிறிய ஏட்டைக் காணலாம்.

கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுப்பது எமது வணிகர்களிடம் பழைய வழக்கம். பெரும்பாலும் கொடுத்தவரின் பெயரும் தொகையும் சுவரிலே கல்லில் இருக்கும். அதைக் குறைசொல்ல மாட்டோம், கட்டடமும் வேண்டியதுதானே. கனகராசா பிடித்துக்கொண்டதோ பனங்கொட்டையை. வெறுங்காணிகளிலும் வீதியோரங்களிலும் பனங்கொட்டை நாட்டுங்கள் என்று ஓயாமல் சொன்னார், தாமும் நாட்டுவித்தார். மரக்கன்றுகளையும் இலவசமாகக் கொடுத்தார். பனைக்கென்று அரசாங்கம் ஒரு சபையை, பனை அபிவிருத்திச் சபையை, 1978ஆம் ஆண்டில்தான் அமைத்தது. ஒரு சவர்க்கார முதலாளியும் பனையைப் பற்றி அதே காலத்தில் இவ்வளவு பேசியது சின்ன விடயமல்ல.

இதெல்லாம் விளம்பரம் தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதழின் பெயரே சவர்க்காரத்தின் பெயர். ஆனால் பனையைக் கொண்டு விளம்பரம் செய்வது எவ்வளவு நட்டமான யோசனை என்று பாருங்கள். இன்று நாட்டிய கொட்டை பூப்பதற்கு 12 ஆண்டு முதல் 20 ஆண்டு வரை செல்லும். பாளை வரும்வரை அது ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. நாட்டியவனுக்கு நுங்கு கிடைப்பது அவனுடைய அதிர்ஷ்டம். அவனுடைய பேரனுக்கு நிச்சயம் கிடைக்கும். அடுத்த மாதம் சவர்க்காரம் விற்க வேண்டுமென்று நினைப்பவன் இவ்வளவு மெதுவான மரத்தைத் தேடிப்போக மாட்டான்.

அந்தப் பேரப்பிள்ளைகளின் காலத்துக்குள் போர் வந்தது. 1990 ஆனியில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. பின்பு பலர் வன்னிக்கும், சிலர் இந்த வெள்ளவத்தை அறைகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். ஆட்கள் போன பின்பு பனை தனியே நின்றது. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனங்குற்றிகள் போயின. ஷெல் பட்டுத் தலையிழந்த பனைகளை நீங்களே கண்டிருப்பீர்கள். தலை போன பனை திரும்பத் துளிர்க்காது. தென்னையைப் போலவே அதற்கும் ஒரே ஒரு குருத்துத்தான்.

2015ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் வலிகாமம் வடக்கில் காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டன. திரும்பிப் போனவர்களில் பலர் முதலில் தேடியது கிணற்றை. அடுத்து எல்லையை. வேலி உக்கிப்போயிருக்கும், எல்லைக்கல் பிடுங்கப்பட்டிருக்கும். பனை நின்ற இடங்களில் மட்டும் இது எங்கள் காணி என்று கைகாட்ட முடிந்தது. எமது எண்ணத்தில் பனையின் பெரிய பயன் ஒடியலோ பனாட்டோ அல்ல, இந்தச் சாட்சிதான்.

இனிச் சில வேலை விபரங்கள். பனையை மேடையில் முளைக்கவைத்துப் பிடுங்கி நாட்டுவது கடினம். முளை முதலில் மேலே வராது. மண்ணுக்குள் ஆழமாக இறங்கி, அங்கே கிழங்கு வைத்து, அதன் பின்புதான் குருத்தோலையை மேலே விடும். பிடுங்கினால் அந்தக் கிழங்கு முறிந்துவிடும். கிழங்குக்காகப் பாத்தி போடுவது வேறு விடயம். அது தை மாசியில் கிண்டித் தின்பதற்கு. மரமாக வேண்டுமென்றால் நிற்கப்போகும் இடத்திலேயே கொட்டையைப் புதைக்க வேண்டும். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். பொறுக்கி, பிசைந்து களியை எடுத்த பின், மாரி மழைக்கு முன்பாகப் புதைத்தால் தண்ணீர் ஊற்றும் வேலையில்லை. முதல் சில ஆண்டுகளுக்கு ஆடு மாடு கடிக்காமல் முள்ளுக் கட்டிவிட்டால் போதும். வடலியானால் அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும்; கருக்கு மட்டையைத் தாண்டி எந்த மாடு வாய் வைக்கும்?

தமிழ்நாட்டில் பனை மாநில மரம். 2021இல் அங்கே அரசு தன் வேளாண்மை வரவுசெலவுத் திட்டத்தில் 76 இலட்சம் பனங்கொட்டைகளை வழங்குவதாக அறிவித்தது. கனகராசா அரசல்ல. அவரிடம் இருந்தது ஒரு தொழிலகமும் ஒரு சிறிய ஏடும் மட்டுந்தான்.

சொந்தக் காணிக்கு இன்னும் போக முடியாதவர்கள், நாங்கள் எங்கே நாட்டுவது என்று கேட்பீர்கள். குடியிருக்கும் காணி பிறருடையதென்றால் அவரைக் கேட்டுவிட்டு எல்லையில் நாட்டலாம். பனங்கொட்டை வேண்டாமென்று சொல்பவர் குறைவு. குளக்கட்டு, கடற்கரை, பள்ளிக்கூட வளவு என்று பொது இடங்களும் உண்டு. அதற்குக் கிராம சேவகரிடமோ அதிபரிடமோ ஒரு வார்த்தை சொன்னால் போதும். நிற்கிற பனையை வெட்டுவதற்குத்தான் அனுமதி எடுக்க வேண்டும். நாட்டுவதற்கு வேண்டியதில்லை.

கடையில் சந்தித்த அந்த ஐயா கடைசியில் புழுக்கொடியலை வாங்கவில்லை. அவருடைய காணி விடுபட்டுவிட்டது, ஆனால் அங்கே இப்போது ஒரு பனையும் இல்லையாம். வரும் ஆவணியில் பக்கத்து ஊரில் ஒரு சாக்குக் கொட்டை பொறுக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு வயது எழுபதுக்கு மேல்.