வீட்டிலே நற்கோப்பி: பறித்தல், வறுத்தல், வடித்தல்

இலங்கையின் மலைநாட்டிலே தேயிலைக்கு முன்னர் ஆட்சி செலுத்திய பயிர் கோப்பியாகும். 1820ஆம் ஆண்டுகளிலே கம்பளைப் பகுதியிலும் பேராதனையை அடுத்த கன்னொறுவையிலும் தோட்டமுறையில் தொடங்கப்பெற்ற இப்பயிர், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுள் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்திற் பரவிற்று. தென்னிந்தியாவிலிருந்து காட்டுவழியே நடந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பிலேயே அத்தோட்டங்கள் எழுந்தன. 1869ஆம் ஆண்டில் இங்கு பதிவுசெய்யப்பட்ட இலைத்துரு நோய், இருபது ஆண்டுகளுக்குள் அப்பெருந்தொழிலைச் சாய்த்துவிட்டது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. ஆயினும் கோப்பிச் செடி நாட்டைவிட்டு நீங்கவில்லை. கண்டி, மாத்தளை, கேகாலை, பதுளை, நுவரெலியா முதலிய மாவட்டங்களிலே பலா, கமுகு முதலிய மரங்களின் நிழலில், மிளகுக் கொடிக்கு அயலாக, வீட்டுத்தோட்டப் பயிராய் அஃது இன்றும் நிற்கின்றது.

ஆனால், அச்செடியை உடையவர்களுள் பலர் அதன் உண்மையான சுவையை அறியார். காயும் பழமுமாக ஒருசேர உருவி, முற்றத்து மண்ணிலே பரப்பி, உலர்ந்ததும் உலராததுமாகக் கிடைத்த விலைக்கு விற்றுவிடுகின்றனர். வீட்டுக்கென வைத்துக்கொண்டதைக் கரியாகும்வரை வறுத்து, சீனியை மிகுதியாக இட்டுப் பருகுகின்றனர். கோப்பியில் இயல்பாகவே சிறிது கசப்புண்டு. எனினும், நாவை உறுத்தும் கடுங்கசப்பும் கரிமணமும் நம் கைப்பிழையால் வருவன. அவற்றை நீக்குதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை.

உலகச் சந்தையிலே "சிறப்புத்தரக் கோப்பி" என்றொரு வகுப்பு உண்டு. 1974ஆம் ஆண்டிலே ஏர்னா நட்சன் என்னும் கோப்பி வணிகப் பெண்மணி இப்பெயரை வழக்கிற் கொண்டுவந்தார். பயிற்சிபெற்ற சுவைஞர்கள் 100 புள்ளிக்கு மதிப்பிட்டு, 80 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளி பெற்றதையே இவ்வகுப்பிற் சேர்ப்பது வழக்கம். பழுத்த பழம், பழுதற்ற கொட்டை, அளவான வறுவல், புதிய தூள் என்பனவே இத்தரத்தின் அடிப்படை. இவை நான்கும் ஒரு சிறு வீட்டுத்தோட்டத்திற்கும் எட்டக்கூடியனவே.

பழம் பறித்தல்

நன்கு சிவந்த பழங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பறித்தல் வேண்டும். ஒரு கிளையிலுள்ள பழங்கள் யாவும் ஒரே நாளிற் பழுப்பதில்லை. ஆதலால், பத்து அல்லது பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பிச் செல்லுதல் நன்று. பறித்த பழங்களை ஒரு வாளி நீரிலே கொட்டுக. மிதப்பவை பெரும்பாலும் பதராகவோ காய்துளைப்பான் வண்டு துளைத்தனவாகவோ இருக்கும். அவற்றை நீக்கிவிடல் வேண்டும். வண்டு துளைத்தவற்றைச் செடியின் அடியிலே போடலாகாது; கொதிநீரில் இட்டு அழித்துவிடுக.

ஐந்து அல்லது ஆறு கிலோகிராம் பழத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோகிராம் உலர்ந்த கொட்டை கிடைக்கும்.

உலர்த்தல்

பழத்தை முழுதாகவே உலர்த்துதல் எளிய முறையாகும். மண்தரையைத் தவிர்த்து, பாயிலோ கம்பிவலை அடித்த தட்டிலோ மெல்லியதாகப் பரப்புக. பகலிற் பலமுறை கிளறிவிடுக. மாலையிலும் மழையிலும் மூடி வைத்தல் இன்றியமையாதது. வெயிலுக்கேற்ப இரண்டு முதல் நான்கு வாரங்களில் உலரும். பழத்தைக் காதருகே ஆட்டும்போது உள்ளே கொட்டை கிலுகிலுத்தல் வேண்டும். கொட்டையின் ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேற்படலாகாது. ஈரம் மிகுந்தாற் பூஞ்சணம் பற்றும். அதனாலுண்டாகும் நஞ்சு வறுப்பதனால் முற்றாக நீங்குவதில்லை; ஆதலால், பூஞ்சணம் பிடித்த கொட்டையை வீட்டிற்கும் வைத்தலாகாது, விற்றலுமாகாது.

இன்னும் தெளிந்த சுவையை விரும்புவோர், பறித்த அன்றே பழத்தைப் பிதுக்கிக் கொட்டையை எடுத்து, ஒரு பாத்திரத்தில் ஓரிரவு முதல் ஒன்றரை நாள் வரை புளிக்கவிட்டு, வழுவழுப்பு நீங்கக் கழுவி உலர்த்துவர். விரலால் உரசும்போது கொட்டை சொரசொரப்பாயிருப்பின் புளித்தது போதும் என அறியலாம். மிகுதியாகப் புளிக்கவிட்டால் தீநாற்றம் ஏறிவிடும்.

வறுத்தல்

உலர்ந்த கோப்பியை உரலிலிட்டு மெல்லக் குற்றி, சுளகிற் புடைத்து, கறுத்தவற்றையும் துளைபட்டவற்றையும் பொறுக்கி எறிக. தடித்த அடியுடைய இரும்புச் சட்டியிலோ மண்சட்டியிலோ, மூன்று கைப்பிடிக்கு மேற்படாமல் இட்டு, நடுத்தர நெருப்பிலே கைவிடாது கிளறுதல் வேண்டும். கொட்டை முதலில் மஞ்சளாகும், பின்னர் பழுப்பாகும். பத்து நிமிடமளவில் சோளம் பொரிவதுபோற் படபடவென வெடிக்கும். அவ்வொலி அடங்கிய ஓரிரு நிமிடத்துள் சட்டியை இறக்கிவிடுக. இதற்குமேல் வறுத்தால் இரண்டாவது வெடியொலி மெல்லிதாய் எழும். எண்ணெய் கொட்டையின் மேலே கசியும். அதன்பின் எஞ்சுவது கரியின் சுவையே. கறுப்பு மிகுந்தால் வலிமை மிகும் என்பது தவறான எண்ணமாகும்.

இறக்கிய கொட்டையை உடனே சுளகிற் கொட்டி ஆற்றுக. சட்டியிலேயே விட்டால் அதன் சூட்டில் மேலும் கருகும். ஆறியபின் ஒருநாள் வைத்திருந்து, காற்றுப் புகாத போத்தலில் அடைத்தல் நன்று.

யாழ்ப்பாணத்து வீடுகளிலே கோப்பியுடன் மல்லியும் சுக்கும் சேர்த்து இடிக்கும் நல்வழக்கம் உண்டு. அவ்வாறு செய்வோர் மல்லியைத் தனியாகவே வறுத்தல் வேண்டும். கோப்பி பதமாகுமுன் மல்லி கருகிவிடும்.

அரைத்தலும் வடித்தலும்

கொட்டையாக வைத்தால் மணம் சில வாரங்கள் நிற்கும்; தூளாக வைத்தாற் சில நாட்களிலேயே குன்றும். ஆதலின் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் இடித்தலோ கைப்பொறியில் அரைத்தலோ வேண்டும்.

ஒரு கோப்பைக்கு, அதாவது 180 மில்லிலீற்றர் நீருக்கு, 10 முதல் 12 கிராம் தூள் போதும். நீர் கொதித்தபின் இறக்கி அரை நிமிடம் விடுக. தூளை நீருடன் சேர்த்துக் கொதிக்க வைத்தலாகாது. மணம் ஆவியோடு போய்விடும், கசப்பே மிஞ்சும்.

துணியில் வடிப்போர், தூளைத் துணியிலிட்டு முதலிற் சிறிது நீர் விட்டு, அது பொங்கி அடங்கிய பின் மீதி நீரை மெல்ல வார்க்க. துணியைச் சவர்க்காரமின்றிக் கழுவுதல் வேண்டும். துணி கிடையாதபோது கேத்தலிலோ மூடியுள்ள பாத்திரத்திலோ சற்றுப் பருந்தூளை நான்கு நிமிடம் ஊறவிட்டு, மண்டி அடியில் தங்கிய பின் மேலாக ஊற்றிக்கொள்ளலாம். தென்னிந்திய வழக்கிலுள்ள ஈரடுக்குப் பித்தளை வடிகலத்தில் தடித்த சாறு சொட்டுச்சொட்டாக இறங்கும். பாலோடு அருந்துவோர்க்கு அதுவே ஏற்றது.

கோப்பி மிகக் கசந்தால், தூளைச் சற்றுப் பருமனாக்குக. நீர்த்தும் புளித்தும் இருந்தால், மென்மையாக்குக. ஒருமுறையில் ஒன்றையே மாற்றினாற்றான் காரணம் விளங்கும்.

ஒரு சோதனை

இவ்வாண்டு அறுவடையிலே இரண்டு கிலோகிராம் செம்பழத்தைத் தனியாகவும், வழக்கம்போல் உருவிய இரண்டு கிலோகிராமைத் தனியாகவும் எடுத்து, ஒரேவிதமாக உலர்த்தி, ஒரே பதத்தில் வறுத்து, சீனியின்றி இரு கோப்பையில் வடித்து, வீட்டார் அனைவரும் சுவைத்துப் பார்க்கட்டும். எது எக்கோப்பை என்பதை முன்னரே சொல்லவேண்டா. வேறுபாட்டை நாவே உரைக்கும். தன் விளைவின் தரத்தைத் தானே சுவைத்தறிந்தவர், விலைபேச வருபவர் முன் அறியாமையால் தாழ்வதில்லை. ஆகவே, முதற் பறிப்பின் நல்ல கொட்டையில் ஒரு பங்கை விற்காது வீட்டிற்கென எடுத்து வைப்பீர்களாக.