இருவாட்சியை எட்டிப் பிடிக்கும் கேமரா: பழையதா, புதியதா?

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறைக்கு ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். வரையாடு தெரியுமா என்று ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்துபவர்களில் சிலரின் கழுத்தில் ஒரு தடித்த கருப்புக் கேமரா தொங்கும். லென்ஸைக் கழற்ற முடியாது. பொத்தானை அழுத்தினால் குழல் நீண்டுகொண்டே போகும். நிக்கான் கூல்பிக்ஸ் பி900, அல்லது அதற்குப் பின்னால் வந்த பி950. ஆனைமலைப் பக்கம் பறவை பார்க்கிற ஆசிரியர், தென்னந்தோப்புக்காரர், கடை வைத்திருப்பவர் என்று படம் எடுப்பதைத் தொழிலாகக் கொள்ளாதவர்களுக்கு இந்த இரண்டும் பழக்கமான பெயர்கள்.

பறவை ஆர்வலர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "ஏனுங்க, எங்கிட்ட பழைய பி900 இருக்குதுங்க. புதுசுக்கு மாறிக்கலாமுங்களா?" நீங்கள் வெயிலில் படம் எடுப்பவரா, நிழலில் எடுப்பவரா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனைமலை வட்டாரத்தில் வெயிலும் நிழலும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்கின்றன என்பதால், இரண்டு கேமராக்களையும் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் குறைவு.

பி900 வெளிவந்தது 2015-ல். கைபேசி வந்த பிறகு சிறிய கேமராக்களின் சந்தை சரிந்துகொண்டிருந்த காலம் அது. லென்ஸ் கழற்ற முடியாத டிஜிட்டல் கேமராக்கள் 2010-ல் உலகம் முழுக்க 10 கோடிக்கு மேல் அனுப்பப்பட்டன. 2023-ல் அந்த எண்ணிக்கை 20 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. அந்தச் சரிவிலும் பி900 நிலைத்ததற்குக் காரணம், கைபேசியால் செய்ய முடியாத ஒன்றை அது செய்ததுதான். 83 மடங்கு ஜூம். வழக்கமான 35 மி.மீ. பிலிம் கணக்கில் சொன்னால் 24 மி.மீ. முதல் 2000 மி.மீ. வரை. நிலாவின் குழிகளைக் கையில் பிடித்தபடியே படமெடுக்கும் வீடியோக்கள் அந்த ஆண்டு உலகெங்கும் பரவின.

2000 மி.மீ. என்பதை நம்ம ஊர்க் கணக்கில் பார்க்கலாம். முழு ஜூமில் 100 மீட்டர் தொலைவில் உள்ள மரத்தை நோக்கினால், படத்தின் அகலத்துக்குள் அடங்குவது ஏறக்குறைய 1.75 மீட்டர்தான். மலை இருவாட்சி அலகு முனையிலிருந்து வால்நுனி வரை ஒரு மீட்டரை எட்டும் பறவை. அது அந்தக் கிளையில் பக்கவாட்டில் உட்கார்ந்தால் படத்தில் பாதிக்கு மேல் அதுவே இருக்கும். பெரிய சென்சார் கேமராவில் நெருங்கிய படம் வேண்டுமென்றால் 600 மி.மீ. பெரிய லென்ஸ் வேண்டும். அதுவே 3 கிலோவுக்கு மேல் எடை, விலையோ லட்சக்கணக்கில். பி900 வெறும் 899 கிராம். எளியவர் கைக்கு இருவாட்சி வந்து சேர்ந்தது இதனால்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் கேமராவின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

பி950 வந்தது 2020 ஜனவரியில். ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வந்த மாடல் என்பதால் எல்லாமே மாறியிருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். முக்கியமான இரண்டு மாறவில்லை. லென்ஸின் எட்டுகை அதே 24–2000 மி.மீ.; ஒளி நுழையும் அளவு அதே எஃப்/2.8 முதல் எஃப்/6.5. சென்சார் அதே 1/2.3 அங்குல அளவு, அதே 16 மெகாபிக்சல். அதாவது பறவையிலிருந்து புறப்பட்ட ஒளி எவ்வளவு உள்ளே வருகிறது, எவ்வளவு பரப்பில் விழுகிறது என்பதில் பழையதற்கும் புதியதற்கும் வேறுபாடு இல்லை. புதியதை வாங்கினால் படம் இரண்டு மடங்கு தெளிவாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்தச் சென்சார் எவ்வளவு சிறியது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். பழைய பிலிம் சட்டத்தின் பரப்பில் அது ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய சென்சார் என்பதால்தான் இவ்வளவு சிறிய உடலில் 2000 மி.மீ. சாத்தியமாகிறது, லென்ஸின் உண்மையான குவியத் தொலைவு 357 மி.மீ.தான். ஆனால் முழு ஜூமில் எஃப்/6.5 என்றால், அகலக் கோணத்தில் கிடைத்த ஒளியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சென்சாருக்குக் கிடைக்கும்.

ஆனைமலை ஊரைச் சுற்றி, மாசாணியம்மன் கோயிலைத் தாண்டினால் ஆழியாற்றுப் பாசனத்து நெல்வயல்கள். நத்தைகுத்தி நாரை, கொக்கு, கம்பியில் பஞ்சுருட்டான். காலை எட்டு மணி வெயிலில் இவற்றை இரண்டு கேமராவிலும் எடுத்து அச்சுப் போட்டு அருகருகே வைத்தால் எது எதில் எடுத்தது என்று சொல்வது கடினம். நல்ல ஒளியில் ஐஎஸ்ஓ 100-ல் இரண்டுமே மிக நன்றாக வேலை செய்யும். வயல், குளம், தோப்பு, அணை நீர்ப்பரப்பு ஆகியவைதான் உங்கள் இடங்கள் என்றால் பி900-ஐ மாற்ற எந்த அவசியமும் இல்லை.

மலைமேல் சோலைக்காட்டுக்குள் நிலைமை வேறு. தலைக்கு மேல் இலைக்கூரை, கீழே ஈர இருட்டு. இருவாட்சியின் உடலும் சிறகும் பெரும்பாலும் கருப்பு. பின்னால் இலை இடைவெளியில் வெள்ளை வானம். கேமரா வானத்தைப் பார்த்து ஒளியைக் குறைக்கும். பறவை கருநிழலாகப் போய்விடும். ஒளியைக் கூட்ட ஐஎஸ்ஓ 800, 1600 என்று ஏற்றினால் புள்ளிப் புள்ளியாக இரைச்சல். பி900 ஜேபெக் மட்டுமே சேமிக்கும். இரைச்சலைத் துடைக்கிறேன் என்று இறகின் நுண்கோடுகளையும் சேர்த்துத் துடைத்துவிடும். துடைத்தது துடைத்ததுதான், திரும்பக் கிடைக்காது.

பி950-ன் உண்மையான முன்னேற்றம் இங்கேதான். அது ரா கோப்பாகவும் சேமிக்கும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருப்பதால், வீட்டுக்கு வந்து கணினியில் நிழலை மெல்லத் தூக்கலாம், வானத்தின் வெண்மையை அடக்கலாம், இன்றைய மென்பொருள்களைக் கொண்டு இரைச்சலை இறகு கெடாமல் குறைக்கலாம். அதே ஒளி, அதே சென்சார். ஆனால் கையில் மிஞ்சுவது கூடுதல். சோலைமந்தியின் கருமுகத்தைச் சுற்றிய சாம்பல் பிடரிமயிரிலும் இந்த வேறுபாடு தெரியும். கணினியில் உட்கார்ந்து படத்தைத் திருத்தும் பொறுமை இல்லாதவருக்கு இந்த வசதியால் பயனில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது வியூஃபைண்டர். பறவைக்காரர்களுக்கு ராவைவிட இது முக்கியமாகப் படலாம். பி900-ல் கண்ணை வைத்துப் பார்க்கும் திரை 0.2 அங்குலம், 9 லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். இலைக்கூட்டத்துக்குள் பறவையின் கண் கூர்மையாக விழுந்ததா என்று அதில் தெரியாது. பி950-ல் அது 0.39 அங்குலம், 23 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். இரண்டு கேமராக்களும் கான்ட்ராஸ்டை வைத்தே குவியம் தேடுபவை. முன்னால் ஒரு சிறு கிளை குறுக்கிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு பறவையை விட்டுவிடும். அப்போது கையால் குவியம் திருத்த வேண்டும். பி950-ல் லென்ஸின் பக்கவாட்டில் அதற்கென்றே ஒரு சிறு சக்கரம் வைத்திருக்கிறார்கள். பி900-ல் இந்த வேலையைச் செய்வதற்குள் இருவாட்சி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போயிருக்கும்.

முழு ஜூமில் பறவையைக் கண்டுபிடிப்பதே தனிப் பாடு. இரண்டிலும் ஒரு பொத்தான் உண்டு: அழுத்திப் பிடித்தால் ஜூம் பின்வாங்கி அகலமாகக் காட்டும், விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். இதைப் பழகாமல் காட்டுக்குப் போகக் கூடாது. பி950-ல் மேலே ஒரு இணைப்புத்தடமும் உண்டு; அதில் நிக்கானின் செம்புள்ளிக் குறிகாட்டியைப் பொருத்தினால், இரு கண்ணையும் திறந்தபடி பறக்கும் பறவையைத் தொடரலாம். தொடர்ச்சியாகச் சுடும்போது இரண்டும் நொடிக்கு 7 படம். பழையது 7 படத்தில் நிற்கும், புதியது 10 வரை போகும். எழுதி முடியும்வரை காத்திருக்க வேண்டியது இரண்டிலும் உண்டு. பறக்கும் இருவாட்சிக்கு இவை இரண்டுமே சரியான கருவிகள் அல்ல என்பது என் கருத்து. உட்கார்ந்த இருவாட்சிக்குத்தான்.

வீடியோவில் பி900 முழு எச்டி, பி950 4கே. அதைவிட நான் மதிப்பது வெளி மைக் பொருத்தும் துளையை. மலை இருவாட்சி பறக்கும்போது இறக்கையின் ஊடே காற்று பீறிடும் ஓசை பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். பல நேரம் பறவை வருவதை முதலில் சொல்வது அந்த ஓசைதான். கேமராவின் உள்மைக்கில் ஜூம் மோட்டாரின் முனகலும் சேர்ந்து பதிவாகும். ஓசையைச் சுத்தமாகப் பதிய விரும்புபவருக்குப் புதியதே சரி.

புதியதில் குறைந்தவையும் உண்டு. எடை ஒரு கிலோவைத் தாண்டி 1005 கிராம். ஒரு மின்னேற்றத்தில் பி900 ஏறக்குறைய 360 படம் எடுக்கும். பி950 290-ல் நிற்கும். இரண்டுக்கும் வெவ்வேறு பேட்டரி. பழைய உபரி பேட்டரிகள் புதியதற்கு உதவாது. பி900-க்குள்ளேயே ஜிபிஎஸ் இருந்தது. பி950-ல் எடுத்துவிட்டார்கள், கைபேசியோடு ப்ளூடூத்தில் இணைத்தால்தான் இடம் பதியும். பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்களுக்கு இது தொல்லை.

இடம் பதிவதில் இன்னொன்றும் இருக்கிறது. பெண் இருவாட்சி மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண் அத்திப்பழமும் பிறவும் கொண்டுவந்து ஊட்டும். அதற்கு ஏற்ற முதிய மரங்கள் குறைவு. அந்த மரத்தின் இடக்குறிப்போடு ஒரு படம் வெளியானால் அடுத்த வாரமே அங்கே கூட்டம் சேரும். ஆள் நடமாட்டத்தைப் பார்த்து ஆண் பறவை ஊட்டாமல் திரும்பினால் பட்டினி கிடப்பது உள்ளே இருக்கும் தாயும் குஞ்சும். பி900 வைத்திருப்பவர்கள் கூட்டுப் படத்தைப் பகிரும் முன் இடக்குறிப்பை நீக்கியே தீர வேண்டும். 2000 மி.மீ. கையில் இருக்கும்போது மரத்தடிக்குப் போவதற்கு எந்த நியாயமும் இல்லை. வால்பாறை புதுத்தோட்டத்துச் சாலையோரச் சோலைமந்திகளுக்கும் இதே பேச்சுத்தான்: தள்ளி நின்று எடுங்கள், தின்பண்டம் காட்டி அழைக்காதீர்கள்.

2018-ல் வந்த பி1000 125 மடங்கு ஜூம், 3000 மி.மீ. வரை எட்டும். ஆனால் முழு ஜூமில் எஃப்/8. எடை 1415 கிராம். 2025 பிப்ரவரியில் அறிவித்த பி1100-ம் அதே லென்ஸ்தான். கண்ணுக்குத் தெரிந்த பெரிய மாற்றம் யூஎஸ்பி-சி துளை. ஐரோப்பாவில் 2024 டிசம்பர் இறுதியிலிருந்து நடைமுறைக்கு வந்த பொதுச் சார்ஜர் விதியோடு அது ஒத்துப்போகிறது. சோலைக்காட்டு நிழலுக்கு எஃப்/8 இன்னும் இருட்டு. மதிய வெயிலில் சமவெளியிலிருந்து மலைச்சரிவை நோக்கி எடுத்தாலோ, சூடான காற்று அலைவதைத்தான் 3000 மி.மீ. பெரிதாக்கிக் காட்டும், 2000-லேயே அது தெரியும். நம்ம மலைக்கு பி1000-ஐ நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆக, பி900 வைத்திருப்பவர் வயல்வெளிக்காரராக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளட்டும். மிச்சப்பட்ட பணத்தில் ஒரு நல்ல பைனாகுலரும் உறுதியான முக்காலியும் வாங்கினால் படங்கள் கூடுதலாகத் தேறும். மாதம் தவறாமல் மலையேறுபவர், கணினியில் படத்தைத் திருத்தத் தெரிந்தவர், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு சிறு வியூஃபைண்டரில் சிரமப்படுபவர் ஆகியோர் பி950-க்கு மாறலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு, இரண்டாம் கையில் நல்ல நிலையில் பி950 கிடைத்தால் அதுவே போதும்.

இரண்டாம் கை என்றால் லென்ஸைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். சின்னக்கல்லார் தமிழ்நாட்டிலேயே மழை மிகுந்த இடங்களில் ஒன்று. வால்பாறையில் மழைக்காலம் முழுக்க காற்றே ஈரம். இந்த இரண்டு கேமராக்களும் நீர் புகாதபடி அடைக்கப்பட்டவை அல்ல. குழல் நீளும்போதும் சுருங்கும்போதும் வெளிக்காற்று உள்ளே போய் வரும். ஈரம் தங்கினால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். லென்ஸைக் கழற்ற முடியாததால் பூஞ்சை பிடித்தால் கேமராவே போனது போல. ஜூமை முழுதாக நீட்டி, டார்ச் வெளிச்சத்தை லென்ஸின் மேல் சாய்வாக அடித்து உள்ளே சிலந்தி வலை போன்ற நூல்கள் தெரிகிறதா என்று பாருங்கள். மோட்டார் இடறாமல் நீள்கிறதா என்று காதால் கேளுங்கள். வாங்கியபின் சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வையுங்கள். தோல் பைக்குள் மட்டும் பூட்டி வைக்காதீர்கள்.