நிக்கொலா ஜாக் கோன்ட்டே

நிக்கொலா ஜாக் கோன்ட்டே (4 ஆகஸ்ட் 1755 – 6 டிசம்பர் 1805) பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஓவியர், பொறியாளர், கண்டுபிடிப்பாளர். கிராஃபைட் தூளையும் களிமண்ணையும் கலந்து, சூளையில் சுட்டுப் பென்சில் செய்யும் முறையை உருவாக்கியவர். இன்று மாணவர்கள் பயன்படுத்தும் மரப் பென்சில்கள் அடிப்படையில் இம்முறையிலேயே செய்யப்படுகின்றன.

இளமை

பிரான்சின் நார்மண்டிப் பகுதியில், செஸ் நகருக்கு அருகிலுள்ள சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். ஓவியத்தைப் பெரும்பாலும் தாமாகவே கற்றுக்கொண்டு, உருவப்படங்கள் வரைந்து பொருள் ஈட்டினார். வேதியியலிலும் இயந்திரங்களிலும் அவருக்கு மிகுந்த ஆர்வம் இருந்தது.

பென்சில் தட்டுப்பாடு

கிராஃபைட்டைத் தமிழில் காரீயம் என்றும் சொல்வர். பெயரில் ஈயம் இருந்தாலும் பென்சிலில் ஈயம் இல்லை. கிராஃபைட் கரிமத்தின் ஒரு வடிவம். இங்கிலாந்தின் போரோடேல் பகுதியில் 16ஆம் நூற்றாண்டில் மிகத் தூய கிராஃபைட் கண்டறியப்பட்டது. அதைக் கட்டியாக வெட்டி, மெல்லிய குச்சிகளாக அறுத்து, மரத்துள் பொருத்தினர். நல்ல பென்சிலுக்கு ஐரோப்பிய நாடுகள் இந்தச் சுரங்கத்தையே நம்பியிருந்தன.

1793இல் பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டதும் பிரான்சுக்கு இங்கிலாந்துப் பென்சில் வருவது தடைப்பட்டது. வரைபடம் வரையும் பொறியாளர்களுக்கும் படைத்துறைக்கும் பென்சில் இன்றியமையாதது. எனவே புரட்சி அரசில் போர்ப் பொறுப்பை வகித்த லசார் கார்னோ, வெளிநாட்டை நம்பாமல் பென்சில் செய்ய வழி காணுமாறு கோன்ட்டேயிடம் கேட்டார்.

புதிய செய்முறை

பிரான்சுக்குக் கிடைத்த கிராஃபைட் தூய்மை குறைந்தது. அதைக் குச்சியாக அறுக்க முடியாது. கோன்ட்டே அதைப் பொடியாக்கி மாசு நீக்கினார். பிறகு களிமண்ணும் நீரும் சேர்த்துப் பிசைந்து, குச்சிகளாக வார்த்து, உலர்த்திச் சூளையில் சுட்டார். மண்பானையைப் போலவே குச்சியும் சுட்டபின் உறுதியானது. இந்த முறைக்கு 1795இல் காப்புரிமை பெற்றார்.

இதில் எதிர்பாராத ஒரு நன்மையும் இருந்தது. களிமண் கூடினால் குச்சி கடினமாகும். கோடு மெல்லியதாகவும் வெளிறியும் விழும். கிராஃபைட் கூடினால் குச்சி மென்மையாகும். கோடு கருமையாக விழும். இயற்கைக் கட்டியை அறுத்துச் செய்த பென்சிலில் இவ்வாறு வேண்டியபடி கடினத்தை மாற்ற இயலாது. தட்டுப்பாட்டுக்கு மாற்றாகத் தேடிய பொருள், பழைய பொருளைவிடப் பயன் மிகுந்ததாக அமைந்தது. ஆஸ்திரியாவின் யோசப் ஹார்ட்முத்தும் ஏறத்தாழ அதே காலத்தில் இதை ஒத்த முறையைக் கையாண்டார்.

பிற பணிகள்

படைத்துறைக்கான பலூன்களை உருவாக்கும் பணியிலும் கோன்ட்டே ஈடுபட்டார். மூடான் என்னுமிடத்தில் ஹைட்ரஜன் வாயு ஆய்வின்போது நேர்ந்த வெடிப்பில் இடக்கண் பார்வையை இழந்தார். ஆயினும் பணியைக் கைவிடவில்லை. 1798இல் நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பில் அறிஞர் குழுவுடன் சென்றார். பிரெஞ்சுக் கப்பற்படை அழிந்து, கருவிகளும் பறிபோன நிலையில், கெய்ரோவில் பட்டறைகள் அமைத்து, படைக்கும் அறிஞர்களுக்கும் வேண்டிய கருவிகளை அங்கேயே செய்வித்தார். நாடு திரும்பியபின், எகிப்து பற்றிய பெருநூலின் படங்களுக்காக, இணைகோடுகளை விரைவாகச் செதுக்கும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். அந்நூல் வெளிவருமுன் 1805இல் பாரிசில் காலமானார்.

தாக்கம்

ஒரே சுரங்கத்தின் தூய கட்டியை நம்பியிருந்த நிலை மாறி, தாழ்ந்த தரக் கிராஃபைட்டிலிருந்தும் நல்ல பென்சில் செய்ய முடிந்தது. பென்சில் மலிந்து எளியவர் கைக்கும் எட்டுவதற்கு இது வழிவகுத்தது.

பென்சிலின் மேல் இன்று காணப்படும் எழுத்துகள் இந்தக் கலவை விகிதத்தையே உணர்த்துகின்றன. ‘எச்’ கடினத்தையும், ‘பி’ கருமையையும் குறிக்கும். பள்ளிகளில் அதிகம் பயன்படும் ‘எச்பி’ இரண்டுக்கும் இடைப்பட்டது. பொறியியல் வரைபடத்துக்கு ‘எச்’ வகையும், ஓவியத்தில் நிழல் தீட்ட ‘பி’ வகையும் ஏற்றவை. ஓவியர்கள் பயன்படுத்தும் ஒருவகை வண்ணக்குச்சி இன்றும் கோன்ட்டே என்ற பெயராலேயே விற்கப்படுகிறது.