பாலித்தீவு கண்ட நால்வர்

நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மரமும் புள்ளும் தொழிலும் கருப்பொருள் என்று அகத்திணை பயிற்றும்போது விளக்குகிறோம். இப்பாகுபாடு செய்யுளுக்கு மட்டுமன்றி ஓவியத்துக்கும் பொருந்தும். இதற்குச் சான்று நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரிலேயே உண்டு.

1952-ஆம் ஆண்டில் லியூ காங், சென் வென் சி, சோங் சூ பியெங், சென் சோங் சுவீ என்னும் ஓவியர் நால்வர் பாலித்தீவுக்குச் சென்றனர். நால்வரும் சீனத்தில் பிறந்து, ஷாங்காயில் கலை பயின்றவர். லியூ காங் இளமையில் மூவாரில் வளர்ந்தவர்; பின்னர்ப் பாரிசிலும் பயின்றவர். பாலியில் தீட்டியவற்றையும் அப்பயணத்தால் விளைந்தவற்றையும் 1953-இல் சிங்கப்பூரில் காட்சிக்கு வைத்தனர். 'நன்யாங்', அதாவது தென்கடல் பாணி, இக்காட்சியால் பெரிதும் புகழ்பெற்றது.

அவர்கள் கண்ட புதுமை யாது? சென் சோங் சுவீ சீனத்து மையையும் தூரிகையையும் கைவிடவில்லை. ஆயினும் பனி மூடிய மலைக்கும் பைன் மரத்துக்கும் மாறாகத் தென்னையையும் கம்பத்து வீட்டையும் வரைந்தார். முறை பழையது, கருப்பொருள் புதியது. லியூ காங் வழி வேறு. பாத்தேக் துணியில் மெழுகிட்ட கோட்டில் சாயம் ஏறாது. அக்கோடு வெண்மையாகவே நிற்கும். 1954-இல் அவர் தீட்டிய 'ஓவியரும் மாதிரியும்' என்னும் படத்தில் உருவங்களைச் சூழ்ந்துள்ள வெண்கோடு அத்துணியை நினைவூட்டுவது. சென் வென் சி ஒரு பாலிப் பெண்ணை வரைந்துகொண்டிருப்பதே அப்படத்தின் பொருள். சோங் சூ பியெங்கோ, சீனச் சுருளோவியம்போல் நீண்டு ஒடுங்கிய சட்டங்களில் வெப்பநாட்டு வாழ்வை அடக்கிக் காட்டினார்.

இவற்றை ஈண்டு எழுதக் காரணம் உண்டு. சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பள்ளியில் "இயற்கைக் காட்சி வரைக" என்றால், இரண்டு மலை, நடுவே உதயசூரியன், கீழே ஓர் ஆறு என்றே சிறுவர் வரைவர். அதற்கு முழு மதிப்பெண் வழங்கியவருள் யானும் ஒருவன். பால்மர நிரையும், மங்கும், வாளியும், காண்டாவும் ஒரு படத்திலும் வந்ததில்லை. 'வரையுங்கள்' என்று நாமும் சொன்னதில்லை. இன்று அந்நிரைகள் பல செம்பனையாகிவிட்டன. பாட்டி பால் வெட்டிய நிலத்தின் சாயல் பேரன் கையில் இல்லை.

அந்நால்வர் கடல் கடந்து சென்று கண்களைப் புதுப்பித்துக்கொண்டனர். நம் மாணாக்கர்க்கு அத்துணைத் தொலைவு வேண்டா. ஒரு காலைப்பொழுதில் வகுப்பை வெளியே அழைத்துச் சென்று, "இம்மண்ணின் கருப்பொருள் யாவை?" என்று வினவுவோம். விடையை அவர்கள் வண்ணத்தில் எழுதட்டும்.