விற்பது மத்திய அரசு. பதிவது மாநில அரசு: ஒரு தாளை நம்பி ஓடும் ராணுவ வாகனங்கள்

புதுதில்லி: தௌலா குவானைக் கடந்து தில்லி கன்டோன்மென்ட் பகுதிக்குள் நுழைந்ததும், சாலையில் செல்லும் வாகனங்களின் எண் பலகை மாறிவிடுகிறது. தில்லியைக் குறிக்கும் "டி.எல்.' எழுத்துகளுக்குப் பதிலாக மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்றைக் காணலாம். அந்தப் பலகையில் உள்ள இரு இலக்கங்கள் ராணுவம் அந்த வாகனத்தை வாங்கிய ஆண்டைத் தெரிவிக்கும்.

அம்புக்குறி இருக்கும்வரை அந்த வாகனத்தை எந்த மாநிலத்தின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால், "பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது' என்று ராணுவம் அதைக் கழித்து ஏலத்தில் விற்ற பிறகு நிலைமை தலைகீழாகிறது. நேற்று வரை நாட்டின் எந்தச் சாலையிலும் சென்ற லாரி, இன்று எண்ணும் இல்லாமல், காப்பீடும் இல்லாமல் வெறும் இரும்பாக நிற்கிறது. அதை மீண்டும் சாலைக்குக் கொண்டுவரும் ஆவணம் ஒரே ஒரு தாள்தான்.

அந்தத் தாளை முறையாகப் பெறத் தெரியாத வாங்குபவர் பணத்தை இழக்கிறார். அதைப் போலியாகத் தயாரிக்கத் தெரிந்தவர் சட்டத்தை ஏமாற்ற வழி பிறக்கிறது. 2025ஆம் ஆண்டு கேரளத்திலும் தமிழகத்திலும் நடந்த சோதனைகள் இந்த இரண்டாவது ஆபத்தை நாட்டுக்கு உணர்த்தின.

சட்டம் கூறுவது என்ன?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 60ஆவது பிரிவு, நாட்டின் பாதுகாப்புக்காகப் பயன்படும் மத்திய அரசு வாகனங்களுக்குத் தனிப் பதிவுமுறையை வகுத்துள்ளது. இவ்வாறு பதிவான வாகனம் மத்திய அரசின் சொத்தாக இருக்கும்வரை வேறு பதிவு தேவையில்லை. அதே பிரிவின் 4ஆவது உட்பிரிவு, அந்த உடைமை நீங்கியவுடன் 39, 40 ஆகிய பிரிவுகள் பொருந்தும் என்கிறது. அதாவது, மற்ற குடிமக்களின் வாகனங்களைப் போலவே, வாகனம் வழக்கமாக நிறுத்தப்படும், வாங்கியவரின் வசிப்பிடமோ தொழிலிடமோ உள்ள மாநிலத்தின் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்த பிறகே அதைச் சாலையில் ஓட்ட முடியும்.

இதற்கான ஆவணங்களை 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 47ஆவது விதி பட்டியலிடுகிறது. விண்ணப்பத்துக்குப் படிவம் 20, செல்லத்தக்க காப்பீட்டுச் சான்று, முகவரிச் சான்று ஆகியவை எல்லா வாகனங்களுக்கும் பொதுவானவை. முன்னாள் ராணுவ வாகனத்துக்கு மட்டும் தனியாக ஒரு வரி உண்டு: உரிய அதிகாரி வழங்கிய படிவம் 21 விற்பனைச் சான்றிதழின் அசல் வேண்டும்.

புதிய வாகனத்துக்கு இந்தப் படிவத்தைத் தயாரிப்பாளரோ விற்பனையாளரோ தருவார். ராணுவ ஏலத்தில் விற்ற வாகனத்துக்குப் பாதுகாப்புத் துறை அதிகாரி கையெழுத்திட வேண்டும். வாங்கியவரின் பெயர், ஒப்படைத்த நாள், தயாரித்த மாதமும் ஆண்டும், சேசிஸ் எண், எஞ்சின் எண், எரிபொருள், எடை, நிறம், பாடியின் வகை ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற வேண்டும். வாகனத்தை நேரில் கொண்டுவரச் செய்து, இந்த விவரங்களுடன் ஒப்பிட்டுப் பார்க்கப் பதிவு அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

ஜபல்பூர் முதல் ஆவடி வரை

ராணுவம் கழித்த வாகனங்களுக்கு நம் நாட்டில் எப்போதும் ஒரு சந்தை உண்டு. மேற்கு ஜெர்மனியின் "மேன்' நிறுவன உரிமத்துடன் 1959இல் ஜபல்பூரில் தயாரிக்கத் தொடங்கிய "சக்திமான்' லாரியும், நிஸ்ஸான் உரிமத்துடன் அதே நகரில் உருவான "ஜோங்கா' வாகனமும் படையிலிருந்து விடைபெற்று பல ஆண்டுகள் ஆகின்றன. எனினும், மலைப்பாதைகளிலும் மரத்தொழிலிலும் அவற்றின் உழைப்பை அறிந்தவர்கள் இன்றும் தேடுகின்றனர். கிரிக்கெட் வீரர் எம்.எஸ். தோனி 2019இல் ராஞ்சியில் ஜோங்கா ஒன்றில் வலம்வந்த படங்கள் வெளியானபோது, அந்தப் பெயரையே கேள்விப்படாத இளைஞர்களும் அதைத் தேடத் தொடங்கினர்.

சக்திமானுக்குப் பிறகு ராணுவத்தின் முதுகெலும்பாக ஆனது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்டின் "ஸ்டாலியன்' லாரி. இதன் பாகங்களும் ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில்தான் பொருத்தப்பட்டன. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டபோது, அந்தத் தொழிற்சாலை ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தின் கீழ் வந்தது. ஆக, ராணுவ லாரியின் கதையில் தமிழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இரண்டாவது வாங்குபவருக்கு வரும் சிக்கல்

அரசுத் துறைகள் கழித்த பொருள்களை ஏலம் விடுவதில், கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யின் இணையவழி ஏலத்துக்கு முக்கிய இடமுண்டு. "இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்' என்பதே இந்த ஏலங்களின் அடிப்படை நிபந்தனை. வாகனம் ஓடுமா என்பதற்கு விற்பவர் பொறுப்பல்லர்.

இங்கே வாங்குபவர் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, வாகனம் வாகனமாக விற்கப்படுகிறதா, கழிவு இரும்பாக விற்கப்படுகிறதா என்பது. கழிவு இரும்பாக வாங்கியதைப் பிறகு எவ்வளவு செலவழித்துச் சீர்செய்தாலும், படிவம் 21 இல்லாமல் அதற்குப் பதிவு எண் கிடைக்காது.

இரண்டாவது, சான்றிதழில் யார் பெயர் உள்ளது என்பது. வியாபாரி ஒருவர் பல வாகனங்களைத் தொகுதியாக ஏலத்தில் எடுத்து, அவற்றை ஒவ்வொன்றாக விவசாயிகளுக்கோ லாரி உரிமையாளர்களுக்கோ விற்றால், அசல் சான்றிதழ் வியாபாரியின் பெயரிலேயே இருக்கும். சட்டத்தின் 50ஆவது பிரிவு கூறும் பெயர் மாற்றம், ஏற்கெனவே பதிவான வாகனங்களுக்கு மட்டுமே உரியது. ராணுவத்திடமிருந்து வந்த வாகனத்துக்குப் பெயர் மாற்ற முதலில் ஒரு பதிவே இல்லை. எனவே, முதலில் வாங்கியவர் பதிவு செய்யாத வாகனத்தை வெறும் ரசீதை நம்பி வாங்குபவர், முழு விலை கொடுத்தும் உரிமையாளர் ஆக முடியாமல் நிற்பார்.

காலக்கெடுவும் குறுகியது. வாகனத்தைப் பெற்ற 7 நாள்களுக்குள், பயண நாள்கள் நீங்கலாக, விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது 47ஆவது விதி. கிடங்கில் நெடுநாள் நின்ற லாரியை ஒரு வாரத்தில் ஓடும் நிலைக்குக் கொண்டுவருவது எளிதல்ல. சரக்கு லாரியாக ஓட்ட விரும்பினால் தகுதிச் சான்றும் வேண்டும். அச்சான்று இல்லாத போக்குவரத்து வாகனம் பதிவு செய்ததாகவே கருதப்படாது என்கிறது 56ஆவது பிரிவு. பதிவில்லாமல் ஓட்டினால் முதல் குற்றத்துக்கு ரூ. 5 ஆயிரம் வரை அபராதம் உண்டு.

நிறத்துக்கும் தனி விதி உள்ளது. பாதுகாப்புத் துறையின் வாகனங்களைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை வண்ணம் பூசக் கூடாது என்கிறது 121ஆவது விதி. ராணுவ வாகனம் போலத் தோன்றும் ஒன்றை அந்நியர் ஓட்டிவந்தால் என்ன நேரும் என்பதை தில்லிக்கு விளக்க வேண்டியதில்லை. 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்ற வளாகத்துக்குள் பயங்கரவாதிகள் நுழைந்தது, உள்துறை அமைச்சகத்தின் போலி அனுமதிச் சீட்டு ஒட்டிய காரில்தான்.

தில்லியில் வயதே தடை

எல்லா ஆவணங்களும் சரியாக இருந்தாலும் தலைநகரில் இன்னொரு சுவர் உண்டு. 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் தில்லிச் சாலைகளில் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் உத்தரவிட்டது. 2015 ஏப்ரலில் டீசல் வாகனங்களுக்கான வரம்பு 10 ஆண்டுகளாகக் குறைந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

2025 ஜூலை 1 முதல் இத்தகைய வாகனங்களுக்கு எரிபொருள் மறுக்கும் திட்டம் தில்லியில் தொடங்கி, எதிர்ப்பால் சில நாள்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை கூடாது என்று ஆகஸ்டில் கூறிய உச்ச நீதிமன்றம், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.-4 மற்றும் அதற்குப் பிந்தைய வாகனங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. ராணுவம் கழிக்கும் பழைய டீசல் லாரிகளுக்கு இதனால் பெரிய பலனில்லை. தில்லியில் ஏலம் போகும் லாரி, வேறு மாநிலத்தில்தான் புதுவாழ்வு தேட வேண்டியிருக்கிறது.

அல்லது மேற்கு தில்லியின் மாயாபுரிக்குப் போக வேண்டும். உடைத்த வாகனங்களின் உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற அந்தச் சந்தைக்கு, ஏலத்தில் விற்ற பொருளை அரசு அமைப்புகள் பின்தொடராவிட்டால் என்ன ஆகும் என்பது நன்கு தெரியும். தில்லி பல்கலைக்கழகம் 2010இல் ஏலம் விட்ட பழைய ஆய்வுக்கருவி அங்கே உடைக்கப்பட்டபோது, அதிலிருந்த கோபால்ட்-60 கதிர்வீச்சால் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார்.

பூடான் வழியாக வந்த பாடம்

2025 செப்டம்பர் 23 அன்று கேரளத்தில் சுங்கத் துறை "ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் சோதனை நடத்தியது. நும்கோர் என்றால் பூடான் மொழியில் வாகனம் என்று பொருள். அன்று 36 சொகுசு வாகனங்கள் பறிமுதல் செய்யப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பூடானிலிருந்து சட்டவிரோதமாகக் கொண்டுவந்த வாகனங்களுக்கு, இந்திய ராணுவம், வெளியுறவு அமைச்சகம், தூதரகங்கள் ஆகியவற்றின் பெயரில் போலி ஆவணங்கள் தயாரித்து இங்கே பதிவு செய்துள்ளனர் என்பது விசாரணை அமைப்புகளின் குற்றச்சாட்டு.

அடுத்த மாதம் கேரளத்திலும் தமிழகத்திலுமாக 17 இடங்களில் சோதனையிட்ட அமலாக்கத் துறை, கோவையைச் சேர்ந்த ஒரு கும்பல் இத்தகைய போலி ஆவணங்களைப் பயன்படுத்தியதாகவும், அருணாசலப் பிரதேசம், ஹிமாசலப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களில் முறைகேடாகப் பதிவு நடந்ததாகவும் தெரிவித்தது.

இக்குற்றச்சாட்டுகளை நீதிமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால், போலி செய்தவர்கள் ராணுவத்தின் பெயரை ஏன் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு 60ஆவது பிரிவிலேயே விடை இருக்கிறது. வேறு மாநிலத்தில் ஏற்கெனவே பதிவான வாகனம் என்றால், அந்த மாநிலப் பதிவேட்டைப் பார்த்து உண்மையை அறியலாம். ராணுவத்திலிருந்து வந்தது என்றால், மாநிலங்களின் பதிவேடுகளில் முந்தைய சுவடு எதுவும் இருக்காது. சான்றிதழ் தரும் அதிகாரி பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். அதை ஏற்கும் அதிகாரி மாநில அரசின் கீழ் இருக்கிறார். விற்பனை விவரத்தை ராணுவக் கிடங்கு தானாகவே மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 60ஆவது பிரிவோ 47ஆவது விதியோ கூறவில்லை. வாகனத்தைப் பற்றிய தகவலை மாநில அரசு கேட்டால் தர வேண்டும் என்று மட்டுமே 60ஆவது பிரிவின் 5ஆவது உட்பிரிவு கூறுகிறது. கேட்காத மாநிலத்துக்குத் தகவல் வராது.

மூடப்படும் கதவு

இதற்கிடையே மத்திய அரசு வேறொரு பாதையைத் திறந்துள்ளது. 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் முடிவுக்கு வரும் என்றும், அவற்றைப் பதிவு பெற்ற உடைப்பு மையங்களில் ஒப்படைக்க வேண்டும் என்றும் அந்த ஆண்டு ஜனவரியில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவித்தது. 9 லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு வாகனங்கள் இவ்வாறு சாலையிலிருந்து விலகும் என்று அமைச்சர் நிதின் கட்கரி அப்போது கூறினார். நாட்டின் பாதுகாப்புக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புக்கும் பயன்படும் கவச வாகனங்கள் போன்ற சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

உடைப்பு மையத்தில் ஒப்படைத்த வாகனத்துக்கு, "வாகன்' என்னும் தேசியத் தரவுத்தளத்தின் வழியாக மின்னணுச் சான்று வழங்கப்படுகிறது. சாகப் போகும் வாகனத்துக்கு இருக்கும் இந்தக் கண்காணிப்பு, ராணுவத்திலிருந்து வெளியேறி மீண்டும் சாலையில் ஓடப் போகும் வாகனத்துக்கும் வேண்டாமா?

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஏலம் முடிந்து வாகனத்தை ஒப்படைக்கும் நாளிலேயே, படிவம் 21இல் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வாங்கியவரின் பெயரையும் கிடங்கு அதிகாரி "வாகன்' தளத்தில் ஏற்றினால் போதும். பதிவு அலுவலர் தாளை நம்பாமல் தரவை ஒப்பிடலாம். போலிச் சான்று முதல் மேசையிலேயே பிடிபடும். நேர்மையாக வாங்கியவரும் தம் பெயரில் உரிமை பதிவாகியிருப்பதைப் பார்த்துக்கொண்டே பணம் கட்டலாம்.

அதுவரை, 60ஆவது பிரிவு தமக்குத் தந்துள்ள உரிமையை மாநில அரசுகள் பயன்படுத்தலாம். ராணுவ வாகனம் என்று சொல்லி வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும், சான்று தந்த கிடங்கிடம் எழுதிக் கேட்டு உறுதி செய்த பின்னரே ஏற்பது என்று தமிழக அரசு முடிவெடுத்தால், அதற்கு தில்லியின் அனுமதி தேவைப்படாது.