மூன்று ஜோடி ஸ்கீ, ஒரு சின்னக் கார்

மெல்பர்னில் படிக்கும் நம் ஊர் மாணவர்களுக்கு ஜூன் மாதம் பிறந்தால் ஒரு காய்ச்சல் வரும். பனிமலைக் காய்ச்சல். விக்டோரியா மாநிலத்தில் பனிச்சறுக்குப் பருவம் ஜூன் மாத நீண்ட வார இறுதியில் தொடங்கி அக்டோபர் தொடக்கம் வரை நீடிக்கும். மவுண்ட் ஹோத்தம், ஃபால்ஸ் கிரீக், மவுண்ட் புல்லர் என்று மலைகள் இருந்தாலும், காலையில் போய் இரவில் திரும்ப நினைக்கும் மாணவர்கள் பெரும்பாலும் புல்லருக்குத்தான் போகிறார்கள். மெல்பர்னிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம். உச்சியின் உயரம் 1,805 மீட்டர்.

எப்படிச் சறுக்குவது, என்ன உடுத்துவது, எங்கே மலிவு என்பதையெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். ஆனால் அந்த நீளமான பலகைகளை நம் கைக்கு எட்டிய சின்னக் காரில் எப்படிக் கொண்டுபோவது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. மூன்று பருவமாக நான் போய்வருகிறேன். அடுத்த ஆண்டு இங்கே படிக்க வரப்போகும் தம்பி தங்கைகளுக்காக எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நியூசிலாந்துக்குப் படிக்கப் போகிறவர்களுக்கும் இது பயன்படும்.

முதலில் ஒரு நியாயமான கேள்வி. மலை உச்சியிலேயே ஸ்கீ வாடகைக்குக் கிடைக்கும்போது எதற்காகச் சுமக்க வேண்டும்? காசுதான் காரணம். மலையடிவாரத்துக்கு முன்னால் இருக்கும் மான்ஸ்ஃபீல்டு ஊரில் எடுத்தால் எங்களுக்குக் கொஞ்சம் மிச்சமாகிறது. அங்கிருந்து மலைக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். எங்கள் கூட்டத்தில் ஒருவன் பழைய ஜோடி ஒன்றை விலைக்கே வாங்கிவிட்டான். அதை மெல்பர்னிலிருந்தே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். கூரைச் சட்டம் வைத்த காராக இருந்தால் பலகைகளை மேலே பூட்டிவிடலாம். மாணவர்கள் கூடிக் காசு போட்டு எடுக்கும் சிறிய ரகக் காரில் அந்த வசதி இருக்காது. ஆக, பலகைகளும் நம்மோடு உள்ளேதான் வரும்.

ஒரு ஜோடி ஸ்கீ, அதன் மேல் இருக்கும் பைண்டிங் என்ற காலணிப் பூட்டுகளோடு சேர்த்து, ஐந்து ஆறு கிலோ இருக்கும். ஒரு மூட்டை அரிசியைவிடக் குறைவு என்று தோன்றும். எஸ்பிஎம் அல்லது ஓ நிலை இயற்பியலை நினைத்துப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். அந்த வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதிச் சட்டென்று நின்றால், கட்டாத பலகை நிற்காது. அதே 28 மீட்டர் வேகத்தில் முன்னால் போகும். உயரத்திலிருந்து விழும் பொருள் இந்த வேகத்தை அடைய எவ்வளவு உயரம் வேண்டும் என்று கணக்குப் போட்டால் விடை சுமார் 39 மீட்டர். அதாவது அடுக்குமாடி வீட்டின் பதின்மூன்றாவது மாடியிலிருந்து ஆறு கிலோ எடையுள்ள, விளிம்பில் எஃகு பதித்த பலகையைக் கீழே நிற்பவர் மேல் போட்டதற்குச் சமம். 50 கிலோமீட்டர் வேகத்தில் உயரம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்து பத்து மீட்டருக்குப் பக்கத்தில் வரும். மூன்றாவது மாடி. அதுவும் ஒன்றும் லேசான விஷயம் அல்ல.

என் அப்பா கிள்ளானில் லோரி ஓட்டுகிறார். இந்தக் கணக்கை அவரிடம் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னேன். "இதுக்கு யுனிவர்சிட்டி எதுக்குப்பா? லோரி ஓடும்போது சாமான் விழாது, நிக்கும்போதுதான் விழும்" என்றார். இருபது ஆண்டு அனுபவம் ஒரே வரியில் முடிந்துவிட்டது. அதன்பிறகு கயிறு கட்டும் வேலையில் அவர்தான் எனக்கு ஆசான்.

ஸ்கீயைக் கட்டுவதில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலாவது, ஒரு ஜோடியை ஒன்றோடொன்று சேர்ப்பது. அடிப்பாகமும் அடிப்பாகமும் தொடும்படி வைத்தால் பைண்டிங்கின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தடுப்புக் கம்பிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பிறகு முனைப்பக்கம் ஒன்று, வால்பக்கம் ஒன்று என இரண்டு வெல்குரோ பட்டைகளைச் சுற்ற வேண்டும். நடுவில் ரப்பர் துண்டு உள்ள பட்டை கிடைத்தால் அதுவே மேல். இரண்டு பலகைகளின் எஃகு விளிம்புகள் ஒன்றோடொன்று உரசாது.

இரண்டாவது, அந்தக் கட்டைக் காரோடு சேர்ப்பது. பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். "கட்டியாச்சே" என்பார்கள். கட்டியது பலகையைப் பலகையோடு. மோதினால் இரண்டும் ஒற்றுமையாகச் சேர்ந்து பறக்கும், அவ்வளவுதான்.

பெரும்பாலான ஹேட்ச்பேக் கார்களின் பின்னிருக்கை 60க்கு 40 என்ற அளவில் பிரிந்து மடியும். முன் பயணியின் பின்னால் இருக்கும் பகுதியை மடக்கினால் பின்பெட்டியிலிருந்து முன்னிருக்கையின் முதுகு வரை நீளமான இடம் கிடைக்கும். (பின்பெட்டியை நம் ஊரில் போனட் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே போனட்டைத் திற என்றால் இயந்திரத்தைத் திறந்து காட்டுவார்கள்.) பெரியவர்களுக்கான ஸ்கீ பொதுவாக 150 முதல் 170 சென்டிமீட்டர் இருக்கும். கடைக்குப் போகும் முன்பே அளவு நாடாவால் அந்த இடத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். போதவில்லை என்றால் முன்னிருக்கையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, அதில் கூட்டத்திலேயே குட்டையானவரை உட்கார வைக்கலாம். எங்கள் காரில் அந்தப் பதவி எனக்கு நிரந்தரம்.

சிலர் பலகைகளை இரண்டு முன்னிருக்கைகளுக்கும் நடுவே கியர் வரை நீட்டிவிடுகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. அந்த வழியில் முன்னால் தடுப்பதற்கு எதுவுமே இல்லை. ஓட்டுநரின் முழங்கைக்குப் பக்கத்தில் எஃகு விளிம்பு வேறு. முன்னிருக்கையின் முதுகில் முட்டி நிற்கும்படி வைத்தால் பலகை வேகம் எடுப்பதற்கு இடைவெளியே இருக்காது. நடுவில் ஒரு தடித்த சட்டையை மடித்துச் செருகிவிடுவோம். வளைந்த முனை பின்னாலும் தட்டையான வால் முன்னாலும் இருக்கும்படி வைப்பது எங்கள் வழக்கம். வால்பக்கம் இருக்கையில் ஒழுங்காக அண்டி நிற்கிறது. ஆனால் பின்கதவை ஓங்கி அடித்துச் சாத்தாதீர்கள். முனை கண்ணாடியில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டே மெல்ல இறக்குங்கள்.

இனி, கட்டு. பின்பெட்டியின் தரையில் சின்ன இரும்பு வளையங்கள் இருக்கும். ஒரு வளையத்தில் மாட்டிய பட்டையை முன்னோக்கிக் கொண்டுபோய், பைண்டிங்குக்குச் சற்று முன்னால், அதாவது ஓட்டுநர் பக்கமாக, கட்டைச் சுற்றி வளைத்து, மறுபடி பின்னால் கொண்டுவந்து மற்ற வளையத்தில் மாட்டி இறுக்க வேண்டும். ஏன் அந்த இடம்? பலகை வழவழப்பானது, வேறு எங்கே கட்டினாலும் பட்டைக்குள்ளிருந்து வழுக்கி முன்னால் ஓடிவிடும். பைண்டிங்குக்கு முன்னால் கட்டினால், பலகை நகர முயலும்போது பைண்டிங் பட்டையில் வந்து மாட்டிக்கொள்ளும். அப்பா லோரியில் குழாய்களைக் கட்டும்போது இப்படித்தான் ஏதாவது ஒரு புடைப்பைத் தேடுவார். ரப்பர் கயிறு வேண்டாம். அது இழுத்தால் நீளும். நமக்கு வேண்டியது நீளாத நாடாப் பட்டை.

ஊன்றுகோல்களை மறந்துவிடக் கூடாது. கூர்மையான நுனி பின்பக்கம் இருக்கும்படி வைத்து, அவற்றையும் அதே கட்டில் சேர்த்துவிடுங்கள். தனியாகக் கிடக்கும் கோல் இருக்கைக்கு அடியில் உருண்டு பிரேக் மிதிக்குக் கீழே போய்விடலாம். காலணிகளும் ஒரு ஜோடி மூன்று நான்கு கிலோ இருக்கும். அவற்றைப் பின்பெட்டியின் தரையில் வைக்க வேண்டும். பின் கண்ணாடிக்கு அருகிலுள்ள தட்டில் வைத்தால் அவை தலைக்கு நேராக இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. ஓர் இருக்கையை மடக்கினால் ஐந்து பேர் போக முடியாது. போன ஆண்டு எங்கள் வீட்டில் ஐந்து பேரும் கிளம்பத் தயாராக இருந்தோம். "நடுவுல நான் ஒடுங்கி உக்காந்துக்கறேன், ஸ்கீயை மடியில வச்சுக்கலாம், ஒரு மணி நேரம்தானே" என்றான் ஒருவன். அவனுக்குப் பேருந்துச் செலவு பெரிய விஷயம் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். வாரத்தில் மூன்று இரவு உணவகத்தில் பாத்திரம் கழுவிப் படிப்பவன். அவனை விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை; மடியில் பலகையோடு உட்கார வைக்கவும் முடியாது. இடுப்புப் பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே ஆறு கிலோ எஃகும் மரமும் இருந்தால் அந்தப் பட்டையால் என்ன பயன்? எல்லாரும் பட்டை அணிவதை உலகிலேயே முதலில் சட்டமாக்கிய மாநிலம் இந்த விக்டோரியாதான். ஆண்டு 1970. சரியாகக் கட்டாத சுமையோடு வாகனம் ஓட்டுவதும் இங்கே சாலை விதிப்படி குற்றம்.

அன்று காலை பதினைந்து நிமிடம் வாசலில் நின்று பேசினோம். கடைசியில், ஐவரும் சமமாகச் செலவைப் பங்கிட்டு, இரண்டு பேர் பேருந்திலும் மூன்று பேர் காரிலும் போவது என்று முடிவானது. அவனோடு பேருந்தில் போக வீட்டில் மூத்த அண்ணன் தானே முன்வந்தார். அது மட்டும் இல்லாவிட்டால் அவன் மனம் வருந்தியிருப்பான் என்று நினைக்கிறேன்.

திரும்பும் வழியில் மெரிஜிக் பக்கம் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கங்காருகள் சாலைக்கு வரும் நேரம். ஒன்று வந்தது. காரை ஓட்டிய தோழி பிரேக்கை முழுதாக அழுத்தினாள். பலகைகள் அசையவில்லை, என் முதுகில் லேசாக ஓர் அழுத்தம் மட்டும் தெரிந்தது. ஆனால் பின்னிருக்கையில் கிடந்த இரும்புத் தண்ணீர்ப் புட்டி பறந்து வந்து முகப்புப் பலகையில் மோதி, உருண்டு தோழியின் காலடியில் போய் நின்றது. கார் அதற்குள் நின்றுவிட்டது. கங்காரு எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாவிப் போனது. சிறிது நேரம் யாரும் பேசவில்லை. மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசிய மூன்று ஜோடியும் எனக்குப் பின்னால் கட்டோடு கிடந்தன.

பாதுகாப்பைப் பற்றி இவ்வளவு போதும். சுத்தம் என்பது திரும்பும்போதுதான் தலைவலி. போகும்போது பலகை காய்ந்திருக்கும். வரும்போது அது நனைந்த நாய்க்குட்டி மாதிரி. பலகையில், பைண்டிங்கின் இடுக்குகளில், காலணிப் பிடிகளில் எல்லாம் பனி ஒட்டியிருக்கும். காருக்குள் சூடு பட்டதும் உருகி விரிப்பில் இறங்கும். அது காய நாளாகும். பிறகு ஒரு புளித்த வாடை வரும். வாடகைக் காராக இருந்தால் சுத்தம் செய்யும் கட்டணமும் வரலாம். பலகையின் அடியில் பூசிய மெழுகும் இருக்கைத் துணியில் கறை வைக்கும். எஃகு விளிம்பு துணியைக் கிழிக்கும்.

எங்கள் முறை எளிது. வண்டிக்கு வெளியிலேயே ஒரு சின்னத் துடைப்பத்தால் பனியைத் தட்டி, பழைய துண்டால் விளிம்புகளைத் துடைத்துவிடுவோம். காருக்குள் முதலில் ஒரு தார்ப்பாய், பின்பெட்டிப் பக்கம் அதன் ஓரத்தைக் கொஞ்சம் மடக்கித் தொட்டி மாதிரி ஆக்குவோம். அதன்மேல் பலகை. பலகையைச் சுற்ற எது சிறந்தது தெரியுமா? அம்மா கொடுத்தனுப்பிய கைலி. உருளை வடிவில் தைத்திருப்பதால் பலகையின் முனை உறை போல அதற்குள் நுழைந்துவிடும், நீரையும் உறிஞ்சும். இரண்டு கைலிகள் இருந்தால் ஒரு ஜோடிக்குப் போதும். வழுக்காமல் இருக்க, பட்டை சுற்றும் இடத்தை மட்டும் மூடாமல் விட வேண்டும். காலணிகளுக்குப் பழைய பிளாஸ்டிக் தாம்பாளம் ஒன்று.

ஈரம் இன்னொரு வேலையும் செய்யும். நனைந்த உடைகள், நனைந்த பலகை, மூன்று நான்கு பேரின் மூச்சு எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடத்தில் கண்ணாடியை உள்ளிருந்து மூடிவிடும். வளைந்து இறங்கும் மலைப்பாதையில் அது ஆபத்து. சூட்டையும் குளிரூட்டியையும் ஒரே நேரத்தில் போடுங்கள். குளிரில் எதற்கு ஏர்கான் என்று நம் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். குளிரூட்டி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வெளியேற்றும். சூடு அந்தக் காய்ந்த காற்றைக் கண்ணாடிக்கு அனுப்பும். உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அணைத்து, வெளிக்காற்றை உள்ளே விடுங்கள்.

இரவு வீடு வந்து சேரும்போது எல்லாருக்கும் தூக்கம் கண்ணைச் சுழற்றும். இருந்தாலும் காரைக் காலி செய்துவிட்டுத்தான் படுக்கை. ஈரத்தோடு கட்டி வைத்தால் எஃகு விளிம்பில் மறுநாளே துரு தெரியத் தொடங்கும். பட்டைகளைக் கழற்றி, பலகைகளைப் பிரித்துச் சுவரில் சாய்த்து வைப்போம். காலணியின் உள்ளுறையை உருவி ஹீட்டருக்குச் சற்றுத் தள்ளிக் காயப்போடுவோம். மறுநாளும் மலைக்குப் போவதாக இருந்தால் காலணியை இரவு முழுதும் காரில் விடாதீர்கள். குளிரில் பிளாஸ்டிக் விறைத்து, காலையில் கால் உள்ளே போகவே போகாது.

புட்டிக்கு இப்போது முன்கதவின் பையில் இடம். புட்டிக்காரன்தான் கிளம்புவதற்கு முன் பின்னால் ஏதாவது கிடக்கிறதா என்று குனிந்து பார்ப்பவன். தார்ப்பாயும் பட்டைகளும் வீட்டு வாசலருகே ஒரு பெட்டியில் இருக்கின்றன. கைலிகள் துவைத்துக் காய்கின்றன. அவற்றில் ஒன்றில் மட்டும் மெழுகுக் கறை போகவில்லை.