போறணை இல்லா அறையிலும் இனிப்பு உண்டு

பிள்ளையின் பிறந்தநாள் நெருங்குகிறது. ஜேர்மனியப் பாடசாலைகளில், பிறந்தநாள் காணும் பிள்ளை வீட்டிலிருந்து கேக் கொண்டுசென்று வகுப்பிலுள்ள அனைவருக்கும் பகிர்வது வழமை. “அம்மா, நான் என்ன கொண்டு போவது?” என்று பிள்ளை கேட்கிறது. தாயின் கண்கள் அறையைச் சுற்றி வருகின்றன. நான்கு கட்டில்கள், ஓர் அலுமாரி, ஒரு சிறு மேசை. குசினி மாடிக்கு ஒன்று. அங்கே போறணை இல்லை, இருந்தாலும் வேலை செய்வதில்லை.

இந்தக் கேள்விக்கு முன் நாமும் ஒரு நாள் விடையின்றி நின்றோம். 1992ஆம் ஆண்டு, அகதிகள் இல்லமொன்றின் மூன்றாம் மாடியில் நாம் வாழ்ந்த காலம் அது. ஏழு குடும்பங்களுக்கு ஒரு குசினி. அருகில் வசித்த முதிய ஜேர்மனிய மாது ஒருவர் மனமிரங்கித் தந்த பழைய நுண்ணலை அடுப்பு ஒன்று அங்கே இருந்தது. ‘மைக்ரோவேவ்’ என்று பிள்ளைகள் அழைத்த அந்தப் பெட்டியை ஆறிய சோற்றைச் சூடாக்குவதற்கு மட்டுமே நாம் பயன்படுத்தினோம்.

இன்றும் அத்தகைய அறைகளில் வாழும் எம்மவர் பலர் உளர். அவர்களுக்காகவே, போறணையின்றிச் செய்யத்தக்க மூன்று இனிப்புகளை இங்கே தருகிறோம்.

போறணை எமக்கு வந்த கதை

முதலில் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். போறணை இல்லையே என்று நாம் மனங்குன்ற வேண்டியதில்லை. ‘போறணை’ என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து எமக்கு வந்ததுதான். ‘பாண்’, ‘குசினி’ என்பனவும் அவ்வழி வந்தவையே. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைக்கு மாறியது. ஆனால் எமது பாட்டிமார் செய்த பலகாரங்களை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். அரியதரமும் பயத்தம் பணியாரமும் எண்ணெயில் பொரிபவை. கொழுக்கட்டை ஆவியில் அவிவது. புக்கை பானையில் பொங்குவது. எள்ளுருண்டையோ வறுத்து இடித்துப் பிடிப்பது. இவற்றுள் எதற்குமே போறணை வேண்டியதில்லை. ஆகவே, போறணையின்றி இனிப்புச் செய்வது எமக்குப் புதிய வித்தையன்று. பழைய கைப்பழக்கமே.

மாரி பிஸ்கற் புடிங்

இலங்கையில் பிறந்தநாள் வீடுகளிலும் விருந்துகளிலும் பலரும் சுவைத்த இனிப்பு இது. மாரி பிஸ்கற் 1874இல் இலண்டனில் ஓர் அரச திருமணத்தை முன்னிட்டு உருவாக்கப்பட்டது. ருசிய இளவரசி மரியாவின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. எமது ஊர்ப் பெட்டிக்கடைக் கண்ணாடிப் போத்தல்களுக்குள்ளும் அது இடம்பிடித்தது.

வேண்டியவை: மாரி பிஸ்கற் 200 கிராம், உப்பில்லாப் பட்டர் 125 கிராம், ஐசிங் சீனி 125 கிராம், கொக்கோத் தூள் 40 கிராம், பால் ஒரு கோப்பை.

பட்டரை ஒரு மணி நேரம் வெளியே வைத்து இளகவிடுங்கள். சீனியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நிறம் வெளுக்கும்வரை அகப்பையால் அடியுங்கள். பின்னர் கொக்கோவை அரித்துச் சேர்த்து, மூன்று மேசைக்கரண்டி பாலும் விட்டுக் குழையுங்கள். எஞ்சிய பாலில் ஒவ்வொரு பிஸ்கற்றாகத் தோய்த்தெடுங்கள். “ஒன்று” என்று எண்ணி முடிக்கும் நேரமே தோய்க்கலாம். அதற்கு மேற்பட்டால் கையிலேயே உடைந்துவிடும். தட்டில் ஓர் அடுக்குப் பிஸ்கற், ஓர் அடுக்குக் கொக்கோக் கலவை என மாறி மாறிப் பரப்பி, ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பிஸ்கற் பாலை உறிஞ்சிக் கேக்கைப் போல மென்மையாகிவிடும்.

சில வீடுகளில் இக்கலவையில் பச்சை முட்டை சேர்ப்பதுண்டு. சல்மொனெல்லா என்னும் கிருமி பச்சை முட்டையின் வழியே பரவக்கூடும். ஆதலால் சிறுவர்க்கும் கர்ப்பிணிகளுக்கும் அது வேண்டாம். கஜு தூவினால் சுவை கூடும். ஆனால் பாடசாலைக்கு அனுப்புவதாயின், கொட்டை வகை ஒவ்வாத பிள்ளைகள் உண்டா என்று ஆசிரியையிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

ஜேர்மனியரிடமும் இதன் உறவினம் ஒன்று உண்டு. ‘கல்ற்ற ஹுண்ட்’, அதாவது ‘குளிர் நாய்’ என்பது அதன் விசித்திரமான பெயர். அதுவும் பிஸ்கற்றும் கொக்கோவும் அடுக்கிக் குளிரவைப்பதே. அதனை இறுகச் செய்வது தேங்காய்க் கொழுப்பு. குளிர்காலத்தில் எமது தேங்காயெண்ணெய்ப் போத்தல் உறைந்து நிற்பதைக் கண்டவர்களுக்கு இதன் காரணம் விளங்கும். ஏறத்தாழ 24 பாகை வெப்பத்துக்குக் கீழ் அது உறையத் தொடங்கும்.

கடற்பாசி

கடைகளில் விற்கும் ஜெலிப் பொதிகளை வாங்குமுன் அவற்றில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ‘கெலாற்றின்’ என்றிருந்தால் அது விலங்கின் தோலிலிருந்தோ எலும்பிலிருந்தோ எடுக்கப்பட்டது. ஐரோப்பாவில் பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்து பெறப்படுவது. மாமிசம் தவிர்க்கும் எம் இல்லங்கள் பல, அறியாமலே அதை வாங்கியுள்ளன. கடற்பாசியோ கடற்தாவரத்திலிருந்து கிடைப்பது. ஆசியக் கடைகளில் ‘அகர் அகர்’ என்ற பெயரில் தூளாகக் கிடைக்கும்.

ஐந்து கிராம் தூளை 300 மில்லிலீற்றர் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் நுண்ணலை அடுப்பில் வையுங்கள். கிண்ணம் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால் பொங்கி வழியும். கொதித்தபின் கலக்கி, தூள் முற்றாகக் கரையும்வரை நடுத்தர வலுவில் மேலும் இரண்டு நிமிடம் வையுங்கள். 75 கிராம் சீனி, இளஞ்சூடான தேங்காய்ப்பால் 200 மில்லிலீற்றர், ஏலக்காய்த் தூள் சேர்த்துத் தட்டில் ஊற்றுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாவிடினும் கவலையில்லை. அறை வெப்பத்திலேயே அது இறுகும்.

இன்னொரு நன்மையும் உண்டு. பச்சை அன்னாசித் துண்டிலுள்ள நொதியம் கெலாற்றினைச் சிதைத்து இறுகவிடாது. கடற்பாசிக்கு அந்தத் தொல்லை இல்லை.

றவை லட்டு

இருநூறு கிராம் றவையை அகன்ற கண்ணாடித் தட்டில் பரப்பி, நுண்ணலை அடுப்பில் நிமிடத்துக்கு ஒரு தடவை கிளறியபடி நான்கைந்து நிமிடம் வறுங்கள். வாசனை எழுந்ததும் 50 கிராம் உலர்ந்த தேங்காய்ப்பூவைச் சேர்த்து மேலும் ஒரு நிமிடம் வையுங்கள். பொடித்த சீனி 150 கிராம், உருக்கிய நெய் 75 கிராம், ஏலக்காய், முந்திரிகை வற்றல் ஆகியவற்றைக் கலந்து, இளஞ்சூடான பாலை இரண்டு மூன்று மேசைக்கரண்டி தெளித்து, சூடு ஆறுமுன் உருண்டை பிடியுங்கள். பால் சேர்வதால் இரண்டு நாட்களுக்குள் உண்டு முடிப்பது நல்லது.

அடுப்பை அறிந்து கொள்வோம்

நுண்ணலைகள் உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அசைத்துச் சூட்டை உண்டாக்குகின்றன. அவை சில சென்ரிமீற்றர் ஆழம்வரைதான் செல்லும். உள்ளே சூடு மெதுவாகவே பரவும். ஆகவேதான் இடையிடையே கிளறுவதும், எடுத்தபின் சற்று ஆறவிடுவதும் அவசியம். குழந்தைக்குப் பால் சூடாக்கினால் நன்கு கலக்கி, கையில் ஒரு துளி விட்டுப் பார்த்த பின்னரே கொடுங்கள்.

எவர்சில்வர்ப் பாத்திரம் ஆகாது. பொன்விளிம்பு இட்ட கோப்பையும் ஆகாது. நாம் அறியாமல் அப்படியொரு கோப்பையை வைத்துத் தீப்பொறி பறந்ததில், மாடியே ஓடி வந்தது. சீனிப்பாகு நீரைவிட அதிகம் கொதிக்குமாதலால் மெல்லிய பிளாஸ்ரிக் கிண்ணம் உருகிவிடும். அதற்குக் கண்ணாடியே பாதுகாப்பு.

வெறுந்தட்டுடன் வந்த கடிதம்

அந்தப் பிறந்தநாளன்று நாம் பிஸ்கற் புடிங்கைத்தான் கொடுத்தனுப்பினோம். பிள்ளை அதை இரு கைகளாலும் ஏந்திச் சென்றாள். மாலையில் தட்டு வெறுமையாகத் திரும்பியது. அதனுள் ஆசிரியையின் சிறு கடிதம் ஒன்று இருந்தது. இதை எப்படிச் செய்வது என்று எழுதித் தர முடியுமா எனக் கேட்டிருந்தார்.

அன்றிரவு அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எழுதினோம். அதற்கு முன் அந்த மொழியில் நாம் எழுதியவை எல்லாம் விண்ணப்பங்களும் மேன்முறையீடுகளுமே. எப்போதும் ஏதோ ஒன்றைக் கேட்டே எழுதினோம். எம்மிடமிருந்து ஒன்றைக் கேட்டு வந்த கடிதத்துக்கு நாம் எழுதிய முதற் பதில் அதுதான்.